ஆண்டியப்பன் பொண்டாட்டிக்குப் பார்த்த கப்பல்

லிந்துலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடலைக் கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே ரகம். ஒன்று தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரைமார். மற்றது இந்தியாவிலிருந்து வந்து இறங்கிய கிழடுகள். துரைமார் கடலைப் பற்றிப் பேசினால் முகம் சிரிக்கும். எங்கள் கிழடுகள் பேசினால் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். இந்த இரண்டிலும் சேராமல் கடலைப் பற்றி ஓயாமல் பேசியவன் ஆண்டியப்பன் ஒருத்தன்தான். அவன் பார்த்திருந்த பெரிய தண்ணீர், தலவாக்கலைப் பாலத்துக்குக் கீழே மழைக்காலத்தில் ஓடுகிற ஆறு.

நானும் அவனும் ஒரே லயம், அந்த வரிசை வீட்டில் அடுத்தடுத்த காம்பரா அறைகள். நடுவில் இருந்ததைச் சுவர் என்று சொன்னால் சுவருக்கே வெட்கமாக இருக்கும். நான் இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அவனுக்கு அந்தப் பக்கம் தூக்கம் வந்துவிடும். எனக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அவனுக்குச் சின்னத்துரை பங்களாவில் மேசை துடைத்துச் சாப்பாடு வைக்கிற வேலை. ஆள் அப்படி ஒரு ஒல்லி. கதவைத் திறக்காமல் இடுக்கு வழியாகவே உள்ளே வந்துவிடுவான், கதவுப் பிணைச்சல் தேயாது என்றுதான் துரை இவனை வேலைக்கு எடுத்தார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். பங்களாவில் கொடுத்த வெள்ளைக் கோட்டுக்குள் இவனும் இருந்து, இவன் மாமன் மச்சானும் குடும்பத்தோடு வந்து தங்கலாம்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் கழித்து அந்தச் சின்னத்துரைக்குக் கல்யாணம் நிச்சயமானது. கொழும்புச் சர்ச்சில் கல்யாணம், முடிந்த கையோடு கப்பல் பயணம். எந்தக் கப்பலில் போவது என்பதுதான் துரைக்குத் தலைவலி. கப்பல் கம்பெனிக்காரர்கள் கலர்ப் படப் புத்தகங்களை மூட்டை மூட்டையாக அனுப்பி வைத்தார்கள். துரை சாப்பாட்டு மேசை முழுக்க அதைப் பரப்பி வைத்துக்கொண்டு, இதில் நீச்சல் தொட்டி இருக்கிறது, அதில் ஆடுகிற கூடம் இருக்கிறது, இன்னொன்றில் ரெண்டும் இருக்கிறது ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்று நாள் கணக்கில் தவித்தார். ஆண்டியப்பன் மேசை துடைக்கிறேன் என்ற பெயரில் அந்தப் படங்களைத் துடைத்துத் துடைத்து, கப்பலின் பெயிண்டே போயிருக்கும்.

ஒரு நாள் துரை சலித்துப்போய், தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் இவனிடமே கேட்டுவிட்டார்.

"ஆண்டி, நீ சொல்லு. எது நல்லம்?"

ஆண்டியப்பன் ஒரு வெள்ளைக் கப்பலைத் தொட்டுக் காட்டினான். ஏன் அதைக் காட்டினாய் என்று பிறகு நான் கேட்டேன். அந்தப் படத்தில் ஒரு பொம்பளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கடலைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாளாம். கொழுந்துக் கூடை இல்லை, குழந்தை இல்லை, அவசரம் இல்லை. பொம்பளை ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்ததை அவன் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்றான். யோசித்துப் பார்த்தேன். நானும் பார்த்ததில்லை.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்த வெள்ளைக் கப்பலில்தான் போனார். அதோடு எங்கள் ஆண்டியப்பனைப் பிடிக்க முடியவில்லை. துரைக்கே கப்பல் பார்த்துக் கொடுத்தவன் என்று அவனுக்கு ஒரு பட்டம். நான்தான் கொடுத்தேன். பங்களாச் சமையல்காரரை அப்பு என்போம். அந்த அப்பு சின்னத்தம்பி அண்ணனிடம் ஆண்டியப்பன், கல்யாணம் முடிந்தவுடன் துரைமார் எதற்குக் கப்பலேறுகிறார்கள் என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பேர் ஹனிமூன், புதுப் பொண்டாட்டி புருஷன் இரண்டு பேரும் ஒரு வேலையும் செய்யாமல், தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போய் வருவது என்று அவர் விளக்கம் சொன்னாராம். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையில் பெரட்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடுவார்கள். மாப்பிள்ளை கவ்வாத்துக் கத்தியோடு ஒரு மலைக்கு, பொண்ணு கூடையோடு இன்னொரு மலைக்கு. எங்களுக்கு அதுதான் ஹனிமூன்.

நாகலெட்சுமி தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில் கொழுந்து எடுக்கிறவள். அவள் மேக்கணக்கில் சிரித்தால் கீழ்க்கணக்கில் நாய் குரைக்கும், அப்படி ஒரு சிரிப்பு. அவள் அம்மா பூரணியும் கொழுந்து எடுக்கிறவள்தான். புருஷன் இல்லை, இந்த ஒரே பெண். இரண்டு பேரும் ஒரு கூடையில் கை போடுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு திரிவார்கள். ஆண்டியப்பன் இவளிடம் எதைக் காட்டி மயக்கினான் என்று யாரும் கேட்க வேண்டாம். துரை போட்டுவிட்டுப் போன கப்பல் படப் புத்தகங்களைத்தான். பீலியில் தண்ணீர் பிடிக்க வருகிறவளிடம் ஒரு நாளைக்கு ஒரு கப்பலைக் காட்டினான். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"கடலு நெசமாவே உப்பாங்க?"

தெரியாது என்று சொல்ல இவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கல்யாணம் கட்டிக்கொண்டால் கப்பலில் கூட்டிக்கொண்டு போய் நக்கிப் பார்க்க விடுகிறேன் என்று சொல்லிவிட்டான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. கப்பலில் போய் வர வேண்டும். போனால் மட்டும் போதாது. வந்து மேக்கணக்கு முழுக்கச் சொல்ல வேண்டும். அவளுக்கு அதுதான் முக்கியம்.

விஷயம் லயத்தில் பரவியதும், கப்பல் தெரிந்தெடுக்கும் மாநாடு பீலியடியில் நடந்தது. எங்கள் ஆட்கள் போகக்கூடிய கப்பல் ஒன்றுதான். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற கப்பல். ஆனால் அந்த வழியில் இரண்டு கப்பல் மாறி மாறி ஓடுகிறது என்று கிழடுகள் சொன்னதும் ஆண்டியப்பனுக்கு உயிர் வந்தது. இரண்டு இருந்தால் தெரிந்தெடுக்கலாமே. ஒவ்வொரு கிழத்தையும் உட்கார வைத்து விசாரித்தான். நாற்காலி இருக்கிறதா, ஓரத்தில் கம்பி இருக்கிறதா, கம்பியில் கை வைக்கலாமா. அவர்கள் ஆடு மாடு மாதிரி அடுக்கி ஏற்றப்பட்டு, ஒருத்தர் மடியில் ஒருத்தர் வாந்தி எடுத்து வந்தவர்கள். கம்பியை எங்கே பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், ஒரு கப்பல் பசுமாடு மாதிரி கத்தும், இன்னொன்று கன்றுக்குட்டி மாதிரி கத்தும் என்றார். நாகலெட்சுமி கன்றுக்குட்டியே வேண்டும் என்றாள். முடிவாகிவிட்டது. எந்த நாளில் எது போகும் என்று கேட்க ஆண்டியப்பன் தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே இருந்தவர், ஏறுகிறதுக்கு இடம் கிடைத்தால் சாமிக்குத் தேங்காய் உடை என்று சொல்லி அனுப்பினார்.

கல்யாணம் எங்கள் மாரியம்மன் கோயிலில். தாலி ஏறியபோது தப்பு அடித்த அடியில் நானுஓயாவில் ரயில் நின்றுவிட்டது என்று கேள்வி. தோட்டமே சாப்பிட்டது. நான் மட்டும் இரண்டு லயத்துக்குச் சேர்த்துச் சாப்பிட்டேன். கல்யாணத்தைப் பதிவு செய்வது என்ற பேச்சு அங்கே யார் வாயிலும் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் பதிந்ததில்லை. பதிவுக்காரர் கீழே டவுனில் இருந்தார். அங்கே போனால் இரண்டு பேருக்கும் அன்றைய பேர் விழாது, கூலி போய்விடும், ஒரு நாளில் வேலை முடியாது. யார் யாருக்குப் பொண்டாட்டி என்று மாரியம்மனுக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். இதற்கு மேல் யாருக்குத் தெரிய வேண்டும்.

கடல் கடந்து போய்த் திரும்பி வருவதற்குப் பாஸ் வேண்டும். முன்னே அப்படி இல்லை. சுதந்திரம் கிடைத்த பிறகு எங்கள் ஆட்களுக்கு இந்த நாடும் இல்லை, அந்த நாடும் இல்லை என்று ஆகிப்போனது. இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலையைத் தாண்டாத நாகலெட்சுமிக்கும் அதே கதிதான். அட்டனில் பாஸ் எடுத்துக் கொடுக்கிற ஒரு ஆள் இருந்தான். பங்களா ஆள் என்பதால் ஆண்டியப்பனுக்குச் சுருக்கமாகக் கிடைத்தது. சம்சாரம் உங்க பேரிலேயே போய் வரலாம், பொஞ்சாதிக்குத் தனியாக எதுக்கு என்று அவன் சொன்னான். இவனும் சரி என்றான். நாங்களும் சரி என்றோம்.

பூரணி மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். ராமேஸ்வரத்தில் பத்து ஊருக்கு அன்னதானம் போடுகிற அளவுக்கு இருந்தது அந்த மூட்டை. தலவாக்கலை ஸ்டேஷன் வரை வந்தாள். ரயில் வெளிக்கிட்டபோது மகள் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கை ஆட்டினாள். உள்ளே இழுத்துப் போடுங்கய்யா, சுரங்கத்துல தலை போயிடும் என்று பூரணி கத்திக்கொண்டே ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கப்பலில் நடந்தது ஆண்டியப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிடைத்தது பசுமாட்டுக் கப்பல். பரவாயில்லை, ஓரத்தில் கம்பி இருந்தது. துரைக்கே கப்பல் பார்த்துக் கொடுத்தவர், ஏறின இடத்திலிருந்து இறங்கின இடம் வரை வாந்தி எடுத்தார். போன வருஷம் தீபாவளிக்குத் தின்றதெல்லாம் வந்துவிட்டது என்றான். நாகலெட்சுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கையால் இவன் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெறித்து முகத்தில் அடித்திருக்கிறது. நாக்கை நீட்டி உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இவனைத் திரும்பிப் பார்த்தாளாம். அந்தப் பார்வையை மட்டும் என்னிடம் சொல்ல அவனுக்கு வரவில்லை. கையை இப்படி அப்படி ஆட்டினான். விட்டுவிட்டான்.

ராமேஸ்வரத்தில் ஒரு கிழமை, ஏழு நாள் இருந்தார்கள். அவள் கிளிஞ்சல் பொறுக்கினாள். அவன் அதைச் சுமந்தான். பிறகு திரும்பினார்கள்.

தலைமன்னார் துறையில் ஒரு மேசை. பின்னால் ஒரு ஐயா. போகும்போது அந்த மேசையை இவர்கள் கவனிக்கவே இல்லை. போகிறவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வருகிறவர்களைத்தான் கேட்கிறார்கள். ஐயா பாஸை வாங்கிப் பார்த்தார். பக்கத்தில் நிற்பது யார் என்று கேட்டார். மகே பவுல மஹத்தயா, என்று ஆண்டியப்பன் பங்களாச் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னான். என் பொண்டாட்டி ஐயா என்று. கல்யாணம் பதிந்த கடதாசி எங்கே என்றார் அவர்.

அங்கே நடந்த பேச்சை ஆண்டியப்பன் எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த ஐயாவுக்குத் தமிழும் தெரிந்திருக்கிறது.

"எங்க பதிஞ்சது?"

"மாரியம்மன் கோயில்லங்க."

"கோயில்ல பதிய மாட்டாங்க. ரெஜிஸ்தர் கேக்கிறேன்."

"தோட்டமே சாப்பிட்டிச்சுங்க ஐயா."

நாகலெட்சுமி சட்டைக்குள் கை விட்டுத் தாலிக் கயிற்றை வெளியே எடுத்து, நீட்டிக் காட்டினாளாம். மஞ்சள் இன்னும் போகவில்லை. அந்த ஐயா கெட்டவர் இல்லை என்றுதான் ஆண்டியப்பன் எப்போதும் சொல்வான். அவர் அதைப் பார்த்துவிட்டு, மேசையைப் பார்த்தாராம். இது எல்லார்கிட்டயும் இருக்கும்மா, எனக்குக் கடதாசி வேணும் என்றாராம். நீ உள்ளே வரலாம், அவள் வந்த கப்பலிலேயே திரும்பிப் போக வேண்டும் என்று முடித்துவிட்டார்.

ஆண்டியப்பன் தானும் கப்பலேறத்தான் பார்த்தான். அவள் விடவில்லை. பாஸ் ஒரு தடவை போய் வருவதற்குத்தான். இவனும் திரும்பிப் போனால் இரண்டு பேரும் வெளியே. இவன் உள்ளே போனால் ஒருத்தராவது கதவைத் திறக்க இருக்கும். கொழுந்து எடுக்கிறவள், பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், அந்த மேசை முன்னால் நின்றுகொண்டு இவ்வளவையும் யோசித்திருக்கிறாள்.

"நீங்க போய்ப் பதிஞ்சு கடதாசிய எடுத்துக்கிட்டு வாங்க. நான் அங்கனயே இருக்கேன். கடலப் பாத்துக்கிட்டு சும்மா குந்தியிருக்கேன். எனக்கென்ன கொறச்சலு?"

கிளிஞ்சல் மூட்டையை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்க் கப்பலேறினாள். அந்தத் தடவையும் கம்பிப் பக்கம்தான் நின்றாள்.

லயத்துக்குத் தனியாக வந்தவனைப் பார்த்து நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். என்னடா, பொண்டாட்டியக் கடலுக்கே குடுத்துட்டு வந்தியா என்று. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினேன். நான் வாயை மூடியது தோட்டத்தில் பெரிய செய்தியாகிவிட்டது.

சரி, பதிவுதானே, பதிந்துவிடலாம் என்று கிளம்பினோம். தலவாக்கலைப் பதிவுக்காரரிடம் சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். பூசாரி, கணக்கப்பிள்ளை, தப்பு அடித்தவர், பந்தியில் சோறு போட்டவர்கள். தப்பு அடித்தவர் தப்பையும் கொண்டு வந்திருந்தார். பதிவுக்காரர் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்து, ஏதோ வேலைநிறுத்தம் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனார். பிறகு எல்லாவற்றையும் கேட்டார். பொறுமையாகக் கேட்டார். பொண்ணு எங்கே என்றார். தனுஷ்கோடியில் என்றோம். பொண்ணு வந்து வாயால் சொல்லிக் கையெழுத்தோ ரேகையோ வைக்காமல் எப்படிப் பதிவது, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

"கூட்டிக்கிட்டு வரத்தாங்க பதியணும்" என்றான் ஆண்டியப்பன்.

அவர் இவனைப் பார்த்தார். இவன் அவரைப் பார்த்தான். நாங்கள் எல்லாரும் சுவரைப் பார்த்தோம். அப்படியே எல்லாரும் நடந்து வந்தோம். வழியில் யாரும் தப்பைத் தொடவில்லை.

பெரியதுரை ஒரு கடுதாசி எழுதினார். அதற்குப் பதில் வந்தது, அதற்கு இன்னொரு கடுதாசி போனது. அது எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. பூரணி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கூடையோடு பங்களா வாசலுக்கு வருவாள். கேட்கமாட்டாள், வந்து நிற்பாள். இவன் இல்லை என்று தலை ஆட்டுவான். போவாள். ஒரு வருஷம் இப்படி ஓடியது. நாகலெட்சுமி தனுஷ்கோடிப் பக்கம் கருவாடு காயப் போடுகிற இடத்தில் வேலை செய்கிறாள் என்று அங்கே போய் வந்த ஆட்கள் வந்து சொன்னார்கள். சும்மா குந்தியிருக்க முடியவில்லை போலிருக்கிறது.

கடைசியில் ஆண்டியப்பன், இனி இந்த நாடே வேண்டாம் என்று முடிவு எடுத்தான். திரும்பி வருகிற எண்ணம் இல்லாமல் போவதை யாரும் தடுக்கப் போவதில்லை. பங்களாவில் சொல்லி வெள்ளைக் கோட்டைக் கழற்றி அப்புவிடம் கொடுத்தான். டிரங்குப் பெட்டி கட்டினான். அங்கே போய் நிலையாக இருந்துகொண்டு உங்களையும் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று பூரணியிடம் சொன்னான். அவன் ரயிலேறுவதற்கு முதல் நாள், எங்கள் லயத்து நல்லமுத்து இந்தியாவில் சாவு வீட்டுக்குப் போயிருந்தவன் திரும்பி வந்தான். நாகலெட்சுமியைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவள் சொல்லி அனுப்பியதை வாசலில் நின்றுகொண்டே சொன்னான்.

"வந்துறாதீங்கன்னு சொல்லச் சொல்லிச்சு. இங்க வந்து கருவாட்டுல கெடந்து சாக வேணாமாம். அது வர்றதுக்கு வழி பாத்துக்கிடிச்சாம். நீங்க காம்பராவ விட்றாதீங்கன்னு சொல்லிச்சு."

என்ன வழி என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் வேறு வழி என்ன இருந்தது. இரவில் மணல் திட்டிலிருந்து மன்னார்ப் பக்கம் கள்ளத்தனமாக ஆள் கொண்டுவருகிற தோணி. ஆண்டியப்பன் பெட்டியை அவிழ்த்தான். அவள் வரும்போது காம்பரா இருக்க வேண்டும், காம்பரா இருக்க வேண்டும் என்றால் வேலை இருக்க வேண்டும். போய் வெள்ளைக் கோட்டைத் திரும்பக் கேட்டான். அப்பு கொடுத்தார். அவள் சொன்னதை அவன் அப்படியே கேட்டான். கட்டினதிலிருந்து அவள் சொல்லை அவன் மீறினது கிடையாது. அன்றைக்காவது மீறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவனுக்கும் தோன்றியிருக்கும். நாங்கள் அதைப் பேசிக்கொண்டதில்லை.

அவள் வரவில்லை. அவளோடு கருவாட்டு வேலை செய்த ஒருத்தி மூலம், அவள் இன்ன நாளில் தோணியேறினாள் என்பது மட்டும் வந்து சேர்ந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு நானும் ஆண்டியப்பனும் மன்னாருக்குப் போனோம். பிடிபட்டவர்களை வைத்திருந்த இடங்களில் கேட்டோம். பொம்பளைகள் இருந்தார்கள். இவள் இல்லை. பிறகு கரையோரமாக நடந்து, வலை காயப் போட்டிருந்த ஒவ்வொருத்தரிடமும் விசாரித்தோம். மலையிலே பிறந்த எங்கள் காலுக்கு மணல் பிடிபடவில்லை. நான் விழுந்து விழுந்து நடந்தேன். அங்கே சூசைரட்ணம் என்று ஒரு மீன்பிடிக்காரர் எங்களை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். ஆண்டியப்பன் நாளைச் சொன்னான். அவர் வலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்.

"தம்பி, அந்தக் கிழமை கச்சான் காத்து சரியான அடி. நாங்களே தொழிலுக்குப் போகேல்ல. வந்த தோணி எண்டு ஒண்டும் இல்ல. வந்திருந்தா நாங்க கண்டிருப்பம்."

ஆண்டியப்பன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். பிறகு அவரிடம், அந்தத் தோணி எவ்வளவு பெரிசு இருக்கும் என்று கேட்டான். ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்குமா என்று கேட்டான். பாய் என்ன நிறம், உட்கார்ந்து வரலாமா, படுத்துக்கொண்டுதான் வர வேண்டுமா என்று கேட்டான். சூசைரட்ணம் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தன்னுடைய தோணியைக் காட்டி, இந்த மாதிரித்தான் தம்பி, இதைவிடக் கொஞ்சம் பெரிசாயிருக்கும் என்றார். அவன் போய் அதைச் சுற்றி வந்தான். விளிம்பில் கையை வைத்துப் பார்த்தான். எனக்கு எதையாவது சொல்லி அவனைச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. என் தலைக்குள் இருந்த அத்தனை பேச்சும் அன்றைக்குக் காலியாகியிருந்தது.

திரும்பி வந்தவன் பூரணியிடம் விஷயத்தைச் சொன்னது எப்படி என்றால், தோணி வேறு பக்கம் ஒதுங்கியிருக்கும், அங்கேயிருந்து சுற்றித்தான் வர வேண்டும், நாளாகும் என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்றேன். பூரணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் பங்களா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

வருஷங்கள் போயின. சின்னத்துரைகள் மாறினார்கள். வந்த புதுத் துரை ஒருத்தர், நீ கட்டியிருக்கிறாயா என்று இவனைக் கேட்டபோது, கட்டியிருக்கேங்க, ஊருக்குப் போயிருக்கு, வரும் என்றான். பூரணிக்கு மலையேற முடியாமல் முட்டி போய்விட்டது. கொழுந்து எடுக்க முடியாதவளுக்குக் காம்பரா கிடையாது. ஆண்டியப்பன் அவள் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்து தன் காம்பராவில் வைத்தான். ஒரே அடுப்பு, ஒரே சட்டி. மகள் செத்துப்போனாள் என்று தெரிந்துகொண்டவள் ஒரு பக்கம், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்கிறவன் ஒரு பக்கம். நடுவில் அந்தக் கிளிஞ்சல் மூட்டை. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் கேட்பேன். உப்பு போதுமா என்று அவன் கேட்பான், போதும்யா என்று அவள் சொல்வாள். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு நாள் பூரணி கேட்டாள். பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாமா, எங்கே கிடந்து அலைகிறாளோ என்று. ஆண்டியப்பன் சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கி அவ வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன் அத்தை?"

பூரணி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் என்னிடம் வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவன் பங்களாவுக்குப் போயிருந்த நேரத்தில், பூசாரியையும் என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். பூசாரி மாவில் ஒரு உருவம் பிடித்து வைத்தார். புருஷன் இருக்கும்போதே போனவள் என்பதால் பூரணி புதுச் சேலை, வளையல், மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வாங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றாக ஆற்றில் விட்டாள். கடலுக்குத்தானேய்யா போகும் என்று என்னிடம் ஒரு தடவை கேட்டாள். போகும் அத்தை என்றேன். தண்ணீருக்குள் இறங்கி மூன்று தடவை முழுகினாள். நான் கரையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நல்ல வெயில் நேரம். நாங்கள் லயத்துக்கு வந்தபோது ஆண்டியப்பன் வந்துவிட்டிருந்தான். வாசலில் யாரோ மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். அவன் அடுப்பில் வெந்நீர் வைத்திருந்தான். தலையிலிருந்து சேலை முந்தி வரை நீர் சொட்ட நிற்கிற மாமியாரைப் பார்த்தான். நெற்றியில் புதிதாகப் பூசியிருந்த திருநீற்றைப் பார்த்தான். எல்லாம் தெரிந்துவிட்டது அவனுக்கு.

"நனஞ்சிட்டீங்களே அத்தை. மழையா?"

"ஆமாய்யா. நல்ல மழை."

உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்து அவளுக்குக் கொடுத்தான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டாள். பிறகு எனக்கும் ஒன்று எடுத்து வந்து நீட்டினான். என் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் வாங்கி, தலையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.